புள்ளி மறைந்தால் நோய் போனதாகாது

தென்மேல் பருவக்காற்று தென்கரைக் கடலைக் கலக்கும் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரையான மாதங்களில், அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடிகள் கிழக்குக் கரைக்கு வந்துவிடுகிறார்கள். முருகைக்கல் பாறைகளில் பிடிபடும் மீன்கள் ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைகளில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடுகளுக்கு ஏறுகின்றன. ஒரு பங்கு உள்ளூர்க் கடைகளுக்கும் வருகிறது. பல கை மாறி, பட்டினி கிடந்து, நெருக்கமாக அடைபட்டு வரும் மீன் நோயோடு வீடு சேர்வதில் வியப்பில்லை. ஆனால் நோய் இன்னதென்று பாராமல் தொட்டியில் ஊற்றும் மருந்து, அந்த நோயை முந்திக்கொண்டு மீனைக் கொன்றுவிடக்கூடும்.

முதலில் தண்ணீர்

வீரமுனை போன்ற வயலோர ஊரில் கடல்மீன் வளர்ப்பவர் காரைதீவிலோ கல்முனையிலோ கேனில் தண்ணீர் அள்ளிவர வேண்டும். மாரியில் வாவிகளின் முகத்துவாரம் திறந்து வெள்ளம் கடலில் இறங்கும்போது கரையோர நீரின் உவர்ப்பு குறைந்துவிடும். நல்ல கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். கூடியதா குறைந்ததா என்பதை நாக்கு சொல்லாது, உவர்ப்புமானிதான் சொல்லும்.

மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சு வாங்கும் மீனுக்கு நோயே இல்லாமலும் இருக்கலாம். கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி உண்டாகும் அமோனியா செவுளை அரிக்கும். கடல்நீரின் பிஎச் 8ஐத் தாண்டி நிற்பதால் அமோனியாவின் நஞ்சும் அங்கே கூடுதல். அதைச் சிதைக்கும் பக்டீரியா புதுத் தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரம் எடுக்கும். ஆகவே அமோனியா, நைத்திரைற்று, உவர்ப்பு, பிஎச், வெப்பநிலை ஐந்தையும் முதலில் பார்க்க வேண்டும். அமோனியா தெரிந்தால் மருந்து தேவையில்லை. அதே உவர்ப்பும் சூடும் உள்ள புதுத் தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றினால் போதும்.

ஒன்றுபோலத் தெரியும் மூன்று நோய்கள்

தண்ணீரில் குறையில்லை என்றால், அறை விளக்கை அணைத்து, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து மீனைப் பார்க்கலாம். உடலிலும் செட்டையிலும் உப்புத் துணிக்கை அளவில், எண்ணக்கூடிய வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். எண்ண முடியாத மெல்லிய பொன்னிறத் தூசு படிந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அமிலூடினியம். சில நாட்களிலேயே தொட்டியைக் காலியாக்கிவிடும். பிள்ளைகள் ‘நீமோ’ என்று அழைக்கும் கோமாளி மீனின் தோலில் தடித்த சளி படர்ந்து உரிந்தால் புரூக்லினெல்லா.

முதல் இரண்டுக்கும் செம்பு மருந்து கேட்கும். மூன்றாவதற்குச் செம்பு பயன்படாது. போர்மலின்தான் வழக்கமான சிகிச்சை. அது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் இரசாயனம் என்பதால், கால்நடை வைத்தியரின் ஆலோசனையோடும் கையுறையோடும் மட்டுமே தொட வேண்டும்.

கிரிப்டோகாரியனால் வரும் வெள்ளைப்புள்ளி நோய் ஆளை ஏமாற்றுவது இப்படித்தான். ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் 3 முதல் 7 நாள் தின்று கொழுத்துத் தானாகவே உதிர்ந்து, மணலில் கூடு கட்டிக்கொள்ளும். புள்ளி மறைந்ததும் மருந்து வேலை செய்துவிட்டது என்று வீட்டுக்காரர் நிம்மதி அடைவார். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் உருவாகும். அவை வெளிவர 3 நாளும் ஆகலாம், 72 நாளும் ஆகலாம் என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் மருந்து தொடாது. நீந்தித் திரியும் குஞ்சை மட்டுமே கொல்லும். அதனால் சிகிச்சை 3 வாரத்துக்குக் குறையக்கூடாது. மீன்களைத் தனிப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, பழைய தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விடுவது பாதுகாப்பு.

அயன் வடிவிலான செம்பின் அளவு லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். குறைந்தால் பலனில்லை, கூடினால் மீனுக்கே நஞ்சு. மற்ற வகைச் செம்பு மருந்துகளுக்கு லேபிளில் உள்ள அளவே கணக்கு. காலையும் மாலையும் சோதித்துப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் தனிப் பெட்டியில் செய்ய வேண்டும். எயார் பம்பும் ஒரு துண்டுக் குழாயும் அதற்குப் போதும். இறால், சங்கு, பவளம் உள்ள தொட்டியில் செம்பு விழுந்தால் அவை செத்துப்போகும்.

முருகைக்கல்லும் செம்பை உறிஞ்சி அளவைக் குழப்பிவிடும். கரையோர வலயத்தில் அதைச் சேகரிப்பதையும் கொண்டுபோவதையும் கரையோரம் பேணல் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் தடைசெய்கிறது. தொட்டிக்கு அழகென்று கல் பொறுக்கியவர் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

பாமசியில் வாங்கிய அன்ரிபயோற்றிக் குளிசையைக் கரைப்பது வீண். ஒட்டுண்ணி அதற்கு அசையாது. தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் நல்ல பக்டீரியாதான் சாகக்கூடும்.

கைக்கும் ஆபத்து உண்டு

காயமுள்ள கையைத் தொட்டியில் விடக்கூடாது. மைக்கோபக்டீரியம் மரினம் என்ற கிருமி அந்தக் காயத்தினூடாக நுழைந்து, வாரக்கணக்கில் ஆறாத கட்டியை உண்டாக்கும். வைத்தியரிடம் போனால் வீட்டில் மீன்தொட்டி இருப்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நோயைக் கண்டுபிடிப்பது தாமதமாகும்.

யாரிடம் போவது?

முதல் இடம் அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகம். நுணுக்குக்காட்டிச் சோதனை தேவைப்பட்டால், பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தில் நீர்வாழ் உயிரினங்களின் நோய்களை ஆராயும் நிலையம் இருக்கிறது. செத்து நேரம் கடந்த மீனால் பலனில்லை. ஒட்டுண்ணிகள் உடலை விட்டுப் போய்விடும். நோயுற்ற மீனை உயிரோடு, அல்லது செத்த உடனே ஐசில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

கடைக்காரர் நோய் மீனைத் தெரிந்தே விற்றார் என்றால் வாங்கியவருக்குச் சட்டத்தின் துணை உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருள் பற்றி எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ இழப்பீடு வழங்கவோ சபை கட்டளையிடலாம். விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. வாங்கும்போதே பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவதும், கடைத் தொட்டியில் மீன் தீனி தின்பதை வீடியோ எடுப்பதும், வீட்டில் நோய் தெரிந்த நாளைக் குறித்துப் படம் எடுப்பதும், வைத்தியரின் குறிப்பை வைத்திருப்பதும் அந்த முறைப்பாட்டுக்குச் சான்றுகள்.