மண்ணும் உலோக நஞ்சுகளும்

சேதன நஞ்சுகள் பலவற்றை மண்ணில் வாழும் நுண்ணங்கிகள் காலப்போக்கிற் சிதைத்துவிடுகின்றன. ஈயம், கட்மியம் முதலியன மூலகங்களாதலின் அவ்வாறு சிதைவதில்லை. எனவே மண் அவற்றை எவ்வாறு பற்றிக்கொள்கின்றது, எந்நிலையில் விடுவிக்கின்றது என்பவற்றையே நாம் ஆராயவேண்டியுள்ளது.

களித்துணிக்கைகளும் உக்கலும் பெரும்பாலும் மறையேற்றமுடையவை. நேரேற்றமுள்ள உலோக அயன்களை அவை கவர்ந்து வைத்திருக்கின்றன. இப்பிணைப்புத் தளர்வானது, கல்சியம் போன்ற பிற கற்றயன்கள் அவ்விடத்தைக் கைப்பற்றலாம். இரும்பு, மங்கனீசு ஒட்சைட்டுகளின் மேற்பரப்பில் ஏற்படும் பிணைப்பு இதனினும் வலியது. ஈயம் பெரும்பாலும் இறுகப் பிணைக்கப்படுகின்றது. கட்மியமோ தளர்வாகவே தங்குகின்றது. மண்ணின் அமிலத்தன்மை கூடும்போது அது மண்ணீரிற் கரைந்து பயிரின் வேரை அடைகின்றது.

யப்பானின் தொயாமா மாகாணத்து ஜின்சூ ஆற்றுப்படுகை இதற்குத் துயர்மிக்க சான்றாகும். ஆற்றின் மேற்புறத்திலிருந்த கமியோகா நாகச் சுரங்கத்தின் கழிவோடு வந்த கட்மியம், பாசன நீர்வழியே நெல்வயல்களிற் படிந்தது. அவ்வயல்களின் அரிசியை உண்டும் ஆற்றுநீரைப் பருகியும் வாழ்ந்த மக்களுள், சிறப்பாக வயதான பெண்களின் சிறுநீரகங்கள் பழுதுற்றன. என்புகள் மென்மையாகி முறிந்தன. வலியைக் குறிக்கும் 'இத்தாய்' என்ற சொல்லை அடுக்கி அவர்கள் அரற்றியமையால், 'இத்தாய் இத்தாய்' என்பதே நோயின் பெயராயிற்று. கட்மியமே அதன் காரணமென யப்பானிய அரசு 1968 இல் ஏற்றுக்கொண்டது. சுரங்க நிறுவனமே பொறுப்பாளியென 1971 இல் மாவட்ட நீதிமன்றமும் 1972 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன.

நெல்வயலில் இவ்விடர் பெருகுவதற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. நீர் நிற்கும்போது மண்ணில் ஒட்சிசன் குறைய, சல்பேற்று சல்பைட்டாகத் தாழ்த்தப்படுகின்றது. கட்மியமும் கரையாத சல்பைட்டாக அடங்கிவிடுகின்றது. அறுவடைக்காக நீரை வடித்ததும் ஒட்சிசன் புகுந்து அதனை மீளக் கரையச்செய்கின்றது. நெல்மணி முற்றும் வேளையிலேயே இது நிகழ்கின்றது. அப்பருவத்தில் நீரைத் தேக்கி வைத்தாற் கட்மியம் மணியிற் சேர்வது குறையும். ஆயின், இரும்பு ஒட்சைட்டுகள் கரைந்து அவற்றிற் பிணைந்திருந்த ஆசனிக்கு வெளிப்படுதலும் அந்நிலையிலேயே. ஒரு நஞ்சைக் கட்டும் நிலை மற்றொன்றை அவிழ்க்கின்றது. சுண்ணாம்பிடுதல் கட்மியத்தைக் கட்டுப்படுத்தினும், மண் மீண்டும் அமிலமாகுமாயின் அப்பயன் நீங்கிவிடும்.

ஜின்சூ வயல்களில் ஏறத்தாழ 860 எக்டேயரைச் சீர்செய்யும் பணி 1979 இல் தொடங்கி 2012 இலேயே முடிவுற்றது. மாசுற்ற மேன்மண்ணைக் கீழே புதைத்து, அதன்மேல் தூய மண்ணை இட்டனர். அங்கும் கட்மியம் அழிக்கப்படவில்லை; வேருக்கு எட்டாத ஆழத்திற்கு அனுப்பப்பட்டது.

ஆகவே, மண்ணிலுள்ள உலோகத்தின் மொத்த அளவை மாத்திரம் அளந்து இடரை மதிப்பிடுதல் போதாது. அதில் எவ்வளவு கரையக்கூடியது, எந்நிலை மாறினாற் கரையும் என்பனவும் அறியப்படல் வேண்டும். மண் கழிவை ஏற்றுக்கொள்ளும் என்ற வாதத்தை நிறுவனங்கள் முன்வைக்கும்போது இவ்வினாக்களை எழுப்புவது நம் கடனாகும். அந்நிலத்தில் விளைவதை உண்போரே அவ்வாதத்தின் விலையைச் செலுத்துகின்றனர்.