பரண் – 9: ஐம்பத்தாறு அங்குலக் காற்று

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய ஃபேன் வாங்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, ஃபேனைப் பார்த்ததும் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கும். இன்னொரு வகை, ராடைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்க்கும். கடைக்காரர்கள் முதல் வகைக்கு ஒரு விலையும் இரண்டாம் வகைக்கு வேறு விலையும் சொல்கிறார்கள் என்பது என் சந்தேகம். இந்த வாரம் உங்களை இரண்டாம் வகையில் சேர்த்துவிடப் பார்க்கிறேன்.

சுவர்க் கடிகாரம் பற்றி எழுதியபோதே சொல்லிவிட்டேன், ஓடாத பழம்பொருளில் எனக்கு ஆர்வமில்லை என்று. ஃபேன் விஷயத்தில் அந்தக் கட்சி இன்னும் தீவிரம். கடிகாரம் ஓடாவிட்டால் நேரம் தெரியாது, அவ்வளவுதான். ஃபேன் அப்படியில்லை, அதன் அடியில் ஆட்கள் தூங்குகிறார்கள்.

பழைய சாமான் கடைகளிலும், செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படும் இடங்களிலும் கிடைப்பவற்றில் ஜி.இ.சி., கிராம்ப்டன், உஷா, ஓரியண்ட் என்ற பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். ஜி.இ.சி. என்றதும் பலர் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது இங்கிலாந்துக் கம்பெனி, அதற்கும் இதற்கும் உறவில்லை. கிராம்ப்டன் பார்க்கின்சன் 1937இல் பம்பாய் வொர்லியில் தொழிற்சாலை வைத்தது. 1966இல் இணைப்பு நடந்து கிராம்ப்டன் கிரீவ்ஸ் ஆனது. ஆகவே பெயர்த் தகட்டில் கிராம்ப்டன் கிரீவ்ஸ் என்று இருந்தால் அந்த ஃபேன் 1966க்கு முந்தியதல்ல. ‘சுதந்திரத்துக்கு முந்தின சரக்கு சார்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள். தகட்டைச் சுரண்டி எடுத்துவிட்ட ஃபேன்களும் வரும். தகடு இல்லாத ஃபேனுக்கு நான் தகடு உள்ளதன் விலையைக் கொடுப்பதில்லை.

தகட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ஏ.சி.யா, டி.சி.யா? கொல்கத்தாவின் சில பகுதிகளில் டி.சி. மின்சாரம் வெகுகாலம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வரும் டி.சி. ஃபேன்களின் உள்ளே கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷ்ஷும் இருக்கும். அவை அழகானவை, கனமானவை. ஆனால் நம் வீட்டு பிளக்கில் நேராகச் சொருகினால் ஒழுங்காக ஓடாது. நடுவே ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபயர் வைக்க வேண்டும். 230 வோல்ட் ஏ.சி. அதன் வழியாகப் போனால் சராசரியாக 207 வோல்ட் டி.சி. கிடைக்கும். 220 வோல்ட்டுக்குச் செய்த ஃபேனுக்கு அது போதும், கொஞ்சம் நிதானமாகச் சுற்றும். பிரஷ் தேய்ந்தால் மாற்ற வேண்டும், பொறி பறப்பதைக் கவனிக்க வேண்டும். முதல் ஃபேனாக இதை வாங்காதீர்கள்.

முதல் ஃபேனுக்கு நான் சொல்வது 56 அங்குல ஏ.சி. ஃபேன். இன்றைய வீடுகளில் மாட்டுவது 48 அங்குலம். எட்டு அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் இறக்கை சுற்றிவரும் வட்டத்தின் பரப்பைக் கணக்குப் போட்டால் 36 சதவீதம் கூடுதல். பரப்பு கூடினால் வேகம் குறைவாக இருந்தாலும் போதும். இந்த மோட்டார்களின் வேகத்துக்கு உச்சவரம்பு வைப்பது துருவங்களின் எண்ணிக்கை. நம் 50 சைக்கிள் மின்சாரத்தில் 14 துருவ மோட்டார் நிமிடத்துக்கு 428 சுற்றைத் தாண்ட முடியாது, 18 துருவம் என்றால் 333. பெரிய இறக்கை, மெதுவான சுற்று, பரவலான காற்று. புதிய ஃபேன் ஒரே இடத்தில் அடிக்கும், பழையது கூடம் முழுக்க வீசும் என்று பெரியவர்கள் சொல்வதைப் பழம்பெருமை என்று தள்ளிவிட வேண்டாம், அதற்குக் கணக்கு இருக்கிறது.

வாங்கும்போது மோட்டாரைவிட இறக்கைக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். வைண்டிங் எரிந்திருந்தால் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம், பேரிங் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். இறக்கை செட் மாறிப்போயிருந்தால் தீர்ந்தது. கடையில் நாலு ஃபேனைக் கழற்றிக் குவித்து வைத்திருப்பார்கள். கைக்கு வந்த மூன்று இறக்கையை எடுத்துக் கட்டிக்கொடுப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தராசில் வைத்தால் எடை வேறு, தரையில் கவிழ்த்து வைத்தால் வளைவு வேறு. அப்படிப்பட்ட ஃபேன் எத்தனை முறை மாட்டினாலும் ஆடும். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரங்களும் ஆணித் துளைகளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நிமிர்த்துகிறேன் என்று சுத்தியலால் தட்டிய தழும்பு இருந்தால் அந்தச் செட்டைத் தொடாதீர்கள்.

மோட்டாரைக் கடையிலேயே சோதிக்கலாம். ராடைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைக் கையால் சுழற்றினால் சத்தமில்லாமல் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். கரகரவென்றால் பேரிங். அது பெரிய செலவில்லை. மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் தளர்ந்து ஆடினால் பேரிங் உட்காரும் இடமே தேய்ந்திருக்கிறது, லேத் பட்டறைக்குப் போயாக வேண்டும். பிறகு சீரிஸ் லேம்ப். அறுபது வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்து ஒரு முனையை வைண்டிங் ஒயரிலும் மறுமுனையை ஃபேன் உடம்பிலும் தொட்டால் பல்பு எரியக் கூடாது. எரிந்தால் வைண்டிங் உடம்பைத் தொடுகிறது என்று அர்த்தம். இதைத் தெரிந்தவர் கையால் செய்யச் சொல்லுங்கள்.

சென்னையில் நான் போகும் வைண்டிங் கடை, ஒரு படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற பொந்து. அங்கே இருக்கும் அண்ணனிடம் ஒரு 56 அங்குல ஃபேனைக் கொண்டுபோய், “புதுசா வைண்டிங் பண்ணிடுங்கண்ணே” என்றேன். மூடியைக் கழற்றினார். மேலே கறுப்பாகப் பிசுக்கு. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஓர் ஓரத்தைத் துடைத்தார். உள்ளே தேன் நிறத்தில் வார்னிஷும், அதன் அடியில் ஒன்றையொன்று தாண்டாமல் படிந்திருந்த செம்புக் கம்பியும் தெரிந்தன.

“எதுக்கு சார் இத அவுக்கணும்? இந்த மாதிரி நான் சுத்த மாட்டேன். எங்க குரு சுத்துவாரு.”

மெக்கர் வைத்துப் பார்த்தார். முள் ஒரு மெகாஓமுக்குக் கீழே படுத்துக் கிடந்தது. “ஈரம் ஏறியிருக்கு. காய வெச்சா ஏறும்” என்றவர், ஸ்டேட்டரை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் குண்டு பல்பை எரியவிட்டு மூடினார். மறுநாள் முள் ஏறியிருந்தது. அதன்பிறகு வார்னிஷ் ஊற்றி மறுபடி காயவைத்தார். பேரிங்கைப் புல்லர் போட்டு இழுத்து எடுத்துப் புதிதாக வைத்தார், வெளியே வரும் ஒயர்களை மட்டும் மாற்றினார். பழைய ஒயரின் துணி உறை விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே பெயின்ட் அடித்து விற்ற ஃபேன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கண்டன்சர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காற்று போதவில்லை என்று பெரிய கண்டன்சர் போடச் சொல்லும் எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடும், வைண்டிங் சூடேறிச் சாகும். தகட்டிலோ பழைய கண்டன்சரிலோ என்ன மைக்ரோஃபாரட் போட்டிருக்கிறதோ அதையே போடுங்கள். ஃபேன் தலைகீழாகச் சுற்றிக் காற்றை மேலே அனுப்பினால் பதற வேண்டாம், கண்டன்சர் ஒயர் இடம் மாறியிருக்கும்.

இனி பெயின்ட். இப்போதைய மோகம், எல்லாவற்றையும் சுரண்டி வெள்ளி மாதிரி பளபளப்பாக்குவது, அல்லது பித்தளை முலாம் பூசுவது. எனக்கு இது பிடிப்பதில்லை. அந்தக் காலத்துக் கூடங்களில் தொங்கியவை பெரும்பாலும் தந்த நிறமோ காப்பிக்கொட்டை நிறமோ பூசிய ஃபேன்கள். சுரண்டிய இரும்பு, மெருகு குறைந்ததும் கடற்கரை ஊர்களில் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்புவது கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், மூக்கை மூடிக்கொள்ள வேண்டும், குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. மூன்று இறக்கைக்கும் ஒரே கனத்தில் பெயின்ட் விழ வேண்டும். ஒன்றில் மட்டும் இரண்டு பூச்சு அதிகமானால் எடை மாறும், மறுபடி ஆட்டம்தான்.

எல்லாம் முடிந்து மாட்டும் நாளில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வார்ப்பிரும்பு உடம்புள்ள பழைய ஃபேன், இன்றைய ஃபேனைப் போல ஒரு கையில் தூக்கி மாட்டுகிற சமாச்சாரமில்லை. கான்கிரீட் தளத்தில் கட்டும்போதே கம்பியோடு கட்டி வார்த்த கொக்கி இருந்தால் நல்லது. அதிலும் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மெட்ராஸ் டெர்ரஸ் வீடுகளில் கனம் முழுவதும் தேக்கு உத்தரத்தில்தான் விழும். உத்தரத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் கரையான் உள்ளே குடித்தனம் நடத்துகிறது. நல்ல மரமாக இருந்தாலும் திருகு கொக்கியை நம்ப வேண்டாம். உத்தரத்தின் குறுக்கே ஊடுருவிப் போகும் போல்ட்டும், இருபக்கமும் இரும்புத் தகடும், நட்டும் போட வேண்டும்.

ராடு பழசாக இருந்தால் நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். மரை இருக்கும் இடத்தில்தான் குழாய் மெலிந்திருக்கும், துருவும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கொக்கியில் உட்காரும் ரப்பர் புஷ் கல்லாக இறுகியிருக்கும், அதையும் மாற்றுங்கள். குறுக்கு போல்ட்டில் ஸ்பிளிட் பின் போட்டு இரு காலையும் விரித்துவிடுங்கள். ஸ்பிளிட் பின் கிடைக்கவில்லை என்று கட்டுக்கம்பி சுற்றும் ஆளைக் கையோடு கீழே இறங்கச் சொல்லிவிடுங்கள். இதற்கும் மேல் ஒரு மெல்லிய ஸ்டீல் ரோப்பை ஃபேன் உடம்பிலிருந்து கொக்கிக்குத் தனியாகக் கட்டிவைப்பேன். எர்த் ஒயர் கட்டாயம். பழைய ஃபேன்களில் அதற்கான இடமே இருக்காது, உடம்பில் ஒரு திருகு போட்டு எடுக்க வேண்டும். இறக்கை தரையிலிருந்து எட்டடிக்குக் கீழே வரக் கூடாது, கூரையிலிருந்து ஓரடியாவது தள்ளியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமையாத தாழ்ந்த கூரை ஃபிளாட்டுகளில் 56 அங்குல ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

மின்கட்டணக் கேள்வியையும் மறைக்க வேண்டாம். 75 வாட் இழுக்கும் பழைய ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு அதே கணக்கில் 18 யூனிட். சீலிங் ஃபேன்களுக்கு 2023 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டது, புதியவை இன்னும் சிக்கனமாகத்தான் வரும். அதனால் என் வீட்டில் படுக்கையறைகளில் பி.எல்.டி.சி., கூடத்தில் மட்டும் பழசு.

அந்தப் பழசுக்குச் சுவரில் பெட்டி ரெகுலேட்டர் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பது கம்பிச்சுருள் ரெசிஸ்டன்ஸ். வேகத்தைக் குறைத்தால், மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு அந்தப் பெட்டியைச் சூடாக்கவே போய்விடும். கை வைத்துப் பார்த்தால் தெரியும். சாதாரண எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டாலோ பழைய மோட்டார் ‘ம்’ என்று முனக ஆரம்பித்துவிடும். கண்டன்சர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் இரண்டு தொல்லையும் இல்லாதது. பழைய பெட்டிக்குள் அதைப் பொருத்தித் தரச் சொல்லலாம், வெளியே திருகும் குமிழ் பழையதாகவே இருக்கும். குமிழ் உடைந்திருந்தால் பேக்லைட் குமிழ் தேடி அலைய வேண்டும். அந்த அலைச்சலும், பேக்லைட் சுவிட்சுகளும் அடுத்த வாரம்.

(தொடரும்)