ஒரு சொல்லுக்குள் எத்தனை சொற்கள்?

‘தலைநகரம்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். இதிலுள்ள எழுத்துகளை மட்டும் கொண்டு, ஓரெழுத்தை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தாமல், சிறு சொற்களை உண்டாக்க வேண்டும். தலை, கலை, நகம், கரம், தரம், நகரம், தகரம் என வரிசையாக வரும். எழுத்தை இடம் மாற்றினால் நகரமே நரகமும் ஆகிவிடும்! நகரத்தில் முதலெழுத்தை நீக்கினால் கரம். இப்படி எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கிப் புதுச் சொல் காணும் விளையாட்டை நம் புலவர்கள் ‘அக்கரச்சுதகம்’ என்றனர். தண்டியலங்காரம் இதனைச் சித்திரகவிகளுள் ஒன்றாக வைத்துள்ளது.

ஒன்றையும் விடாமல் தேடுவது எப்படி? ஆறு எழுத்துகளில் இரண்டை எடுத்து வரிசைப்படுத்த 6 × 5 = 30 வழிகள். மூன்றை எடுத்தால் 120. நான்குக்கு 360, ஐந்துக்கு 720, ஆறுக்கும் 720. மொத்தம் 1,950 கோவைகள். இவற்றில் பெரும்பாலானவை ‘ம்தர’ போன்ற வெற்றுக் கோவைகளே. இங்கே இலக்கணம் நமக்குக் கைகொடுக்கிறது. புள்ளி வைத்த எழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ரகரமும் லகரமும் தமிழ்ச் சொற்களுக்கு முதலாவதில்லை. (‘ரகம்’ வெளியிலிருந்து வந்த சொல், அதை விட்டுவிடுவோம்.) மகர மெய்க்குப் பின் இச்சொல்லின் மற்ற ஐந்து எழுத்துகளில் எதுவும் ஒரு சொல்லுக்குள் வருவதில்லை, ஆகவே ‘ம்’ வந்தால் கடைசியில்தான் வர வேண்டும். இவ்விதிகளைப் போட்டுக் கழித்தால் எஞ்சுபவை 387 மட்டுமே. ஐந்தில் நான்கு பங்கு தேடும் வேலை மிச்சம்!

நீண்ட சொல்லுக்கு இதுவும் போதாது. பன்னிரண்டு வெவ்வேறு எழுத்துகள் இருந்தால் கோவைகள் 130 கோடியைத் தாண்டும். ஆகவே கணிப்பொறிக்கு நிரல் எழுதுபவர் தலைகீழாகச் செய்வார். கோவைகளை உண்டாக்காமல், அகராதியிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, ‘இதன் எழுத்துகள் எல்லாம் அந்தப் பெரிய சொல்லில் இருக்கின்றனவா?’ என்று பார்ப்பார். அகராதியில் ஒரு லட்சம் சொற்கள் இருந்தாலும் ஒரு லட்சம் சோதனைகள்தாமே!

ஆனால் இங்கே ஒரு சிக்கல். எழுத்து என்பது எது? கண்ணால் எண்ணினால் தலைநகரத்தில் எழுத்துகள் 6. இலக்கணம் உயிர்மெய்யை மெய்யும் உயிரும் சேர்ந்ததாகக் கொள்கிறது. அப்படிப் பிரித்தால் த் + அ, ல் + ஐ, ந் + அ, க் + அ, ர் + அ, ம் என 11. கணிப்பொறியில் இன்று நாம் பயன்படுத்தும் யூனிகோடு 1991-இல் வந்தது. அது அகர உயிர்மெய்யை ஒரே குறியாகவும், ஐகாரக் குறியையும் புள்ளியையும் தனித்தனிக் குறிகளாகவும் வைக்கிறது. அதன் கணக்கில் த, ல, ஐகாரக் குறி, ந, க, ர, ம, புள்ளி என 8!

இது வெறும் எண்ணிக்கைத் தகராறு அன்று. எட்டுக் குறிகளையும் எட்டு எழுத்துகளாகக் கருதும் நிரல், லகரத்தை ஓரிடத்திலும் அதன் ஐகாரக் குறியை வேறிடத்திலும் போட்டுவிடும். ஒட்ட இடமின்றி அக்குறி தனியே தொங்கும். ஆங்கிலத்துக்கு எழுதிய சொல் விளையாட்டு நிரலை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருபவர் முதலில் இடறுவது இங்கேதான். குறிகளைச் சேர்த்து முழு எழுத்தாக்கிய பிறகே தேடலைத் தொடங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், சுவையான ஆட்டம் பதினோரு எழுத்து ஆட்டமே. ஆறில் கிடைக்காத மலை, மலர், கரை, தரை, நகல், அகல் எல்லாம் இதில் கிடைக்கின்றன. தாளில் எங்குமே ‘அ’ என்னும் எழுத்து இல்லை. ஆயினும் ‘அகரம்’ என்ற சொல்லே தலைநகரத்துக்குள் இருக்கிறது! பிரித்துப் பாருங்கள். பிறகு ‘மரகதம்’ என்பதை எடுத்துக்கொண்டு, ஐந்து எழுத்தாக ஒருமுறையும் ஒன்பது எழுத்தாக ஒருமுறையும் தேடுங்கள்.