ஒரு பேரெண்ணின் நட்பு

93,63,584. முதற்பார்வையில் இவ்வெண்ணுக்கு எச்சிறப்பும் இருப்பதாகத் தோன்றாது. ஆயினும் கணித வரலாற்றில் இதற்கென ஓர் இடமுண்டு.

எண்களை அவற்றின் காரணிகளைக் கொண்டு வகைப்படுத்தும் மரபு கிரேக்க அறிஞர் நிகோமாக்கஸின் நூலில் காணப்படுகிறது. தன்னை நீங்கலான காரணிகளின் கூட்டுத்தொகை அவ்வெண்ணுக்குச் சமமாயின் அது நிறையெண், மிகுந்தால் மிகையெண், குறைந்தால் குறையெண். அரபு நூல்கள் இவற்றை முறையே தாம், ஸாயித், நாகிஸ் என வழங்கின. நமது எண்ணுக்குத் தன்னை நீங்கலாக 31 காரணிகள் உள்ளன. அவற்றின் கூட்டுத்தொகை 94,37,056. எனவே இது மிகையெண். இனி 94,37,056இன் 15 காரணிகளைக் கூட்டினால் மீண்டும் 93,63,584 கிடைக்கிறது! ஒன்றின் மிகுதி மற்றதன் குறைவை நிரப்பும் இத்தகைய இணைகளே நட்பெண்கள். 220, 284 என்னும் இணையைப் பண்டையோர் அறிந்திருந்தனர்.

இவ்வளவு பெரிய இணையைத் தேடி அலைந்து கண்டெடுத்தல் அரிது. அதற்கு ஒரு விதி வேண்டும். அவ்விதியை நிறுவியவர், ஹர்ரானில் பிறந்து பாக்தாதில் பணியாற்றி 901இல் மறைந்த ஸாபித் இப்னு குர்ரா. நிகோமாக்கஸின் நூலை அரபியில் பெயர்த்தவரும் அவரே.

விதி இதுதான்: 4, 8, 16 என இரட்டிக்கும் எண்களுள் ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் பாதியையும் அதனையும் தனித்தனியே 3ஆல் பெருக்கி 1 கழிக்க. பின்னர் அதன் வர்க்கத்தில் பாதியை 9ஆல் பெருக்கி 1 கழிக்க. கிடைக்கும் மூன்றும் பகா எண்களாயின், முதலிரண்டின் பெருக்கற்பலனையும் மூன்றாவதையும் தனித்தனியே எடுத்த எண்ணால் பெருக்க, நட்பெண்கள் தோன்றும். 4 எனில் 5, 11, 71. அவற்றால் 220, 284. 8 எனில் 287 வருகிறது. அது 7, 41 ஆகியவற்றின் பெருக்கற்பலன் ஆதலால் விதி பயன்படாது. 16 எனில் 17,296, 18,416. 128 எனில் 191, 383, 73,727. அவற்றால் நமது பேரெண்ணும் அதன் இணையும்.

17,296 இணையைக் கமாலுத்தீன் அல் ஃபாரிஸியும் மராகிஷ் நகரத்து இப்னுல் பன்னாவும் 14ஆம் நூற்றாண்டுக்குள்ளாகவே அறிந்திருந்தனர். பேரெண் இணையை 17ஆம் நூற்றாண்டில் ஈரானின் முஹம்மத் பாகிர் யஸ்தி கண்டார். ஐரோப்பாவில் 1636இல் ஃபெர்மாவும் 1638இல் தெக்கார்த்தும் முறையே இவ்விணைகளை அறிவித்தனர். நெடுங்காலம் அவர்கள் பெயராலேயே இவை அறியப்பட்டன.

இதனைக் களவு எனக் கூறுதல் நீதியன்று. ஒரே உண்மையை இருவர் தனித்தனியே எட்டுதல் இயல்பே. அதுபோல, ஸாபித் முஸ்லிம் அல்லர், ஸாபியீன் சமயத்தவர் என்பதை மறைத்தலும் நீதியன்று. பிற சமயத்தவரின் அறிவுக்கு இடமளித்து, அதனைப் பல தலைமுறைகள் வளர்த்ததே பாக்தாதின் பெருமை.

ஸாபித்தின் விதியால் இதுவரை கிடைத்தவை இம்மூன்று இணைகளே. நட்பெண் இணைகள் முடிவற்றவையா என்னும் வினாவுக்கோ இன்றும் விடையில்லை. முன்னோர் பெயரைச் சொல்வதோடு நில்லாமல், அவர்கள் விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்வதே அவர்களுக்கு நாம் செலுத்தும் கடன்.