தேய்ப்பது வேறு, தேப்பது வேறு

மலையாள இணையத்தில் ‘தேப்பு’ என்றால் காதலித்தவரைக் கழற்றிவிடுவது. ‘தேச்சிட்டுப் போயி’ என்று ஒருவர் புலம்பினால், பதிலுக்கு இஸ்திரிப்பெட்டிப் படங்கள் வந்து குவியும். துணி தேய்ப்பதும் மலையாளத்தில் தேப்புதான், சுவருக்குச் சாந்து பூசுவதும் தேப்புதான். அந்தப் பழைய தேப்பை மட்டாஞ்சேரியை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியில், வெளி என்ற இடத்துத் தோபி கானாவில் இன்றும் பார்க்கலாம். டச்சுப் படையினரின் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டதாகச் சொல்லப்படும் வண்ணார்களின் வழிவந்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அரிசிக் கஞ்சி போட்டு, கிளிப் இல்லாமல் முறுக்குக் கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகி உலர்த்தி, கனத்த பெட்டியால் தேய்க்கிறார்கள். வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசுகிறவர்களுக்கு இரண்டு தேப்பும் விளங்கும். சென்னையிலிருந்து வேலைக்கு வந்து கொச்சி வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவர்தான் முழிப்பார்.

சொல் தெரியாததால் வரும் முழிப்பு அல்ல இது; தெரிந்ததுபோல இருப்பதால் வருவது. ‘சளி அடிக்கல்லே’ என்பதில் ஜலதோஷம் இல்லை. அங்கே சளி என்றால் சேறு. இணையத்தில் மொக்கை ஜோக். ‘குரு பொட்டி’ என்பதில் ஆசிரியர் யாரும் வரமாட்டார். குரு என்றால் பரு. அது உடைந்தது என்றால் வயிற்றெரிச்சல் வெளியே வந்துவிட்டது என்று பொருள். ‘பொளி’ என்பது பாராட்டு. அம்மி பொளிவதைக் கேட்டிருக்கும் தமிழ்க் காதுக்கு அது பிடிபடச் சற்று நேரமாகும். ‘தள்ளு’ என்பது பீற்றல். மலையாளி தள்ளுவதைத்தான் தமிழர் உருட்டுகிறார்.

அகராதி இங்கே பாதி வழிதான் வரும். சொல்லுக்குப் பின்னால் எந்தச் சம்பவம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மீதி வழி. ‘பொங்கால’யை எடுத்துக்கொள்ளலாம். திருவனந்தபுரம் ஆற்றுக்காலில் பெண்கள் தெருவெங்கும் செங்கல் அடுப்பு கூட்டிப் பொங்கலிடும் விழா அது. 2014 விம்பிள்டனின்போது, சச்சின் டெண்டுல்கர் யாரென்று தெரியாது என்றார் மரியா ஷரபோவா. அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் மலையாளிகள் திரண்டு வசை பொழிந்தார்கள். அப்படிக் கூட்டமாகப் போய்ப் பொரிந்து தள்ளுவதுதான் இணையப் பொங்கால. 2021 பிப்ரவரியில், விவசாயிகள் போராட்டம் பற்றி சச்சின் போட்ட ட்வீட் பிடிக்காமல், அதே மலையாளிகள் அதே பக்கத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். ஏழாண்டுக்கு முந்தைய பொங்கால தெரியாதவருக்கு அந்த மன்னிப்பில் ஒரு வரியும் புரிந்திருக்காது.

இன்னொரு ஊற்று சினிமா. ‘பஞ்சாபி ஹவுஸ்’ (1998) படத்தில் ஹரிஸ்ரீ அசோகன் நடித்த ரமணனும், ‘புலிவால் கல்யாணம்’ (2003) படத்தில் சலீம்குமார் நடித்த மணவாளனும் ட்ரோல் படங்களில் ஓய்வில்லாமல் உழைக்கிறார்கள். தமிழில் அந்த வேலை வடிவேலுவுக்கு. கொச்சிக்காரரான சித்திக் 1999இல் மலையாளத்தில் எடுத்து, 2001இல் தமிழில் மறுபடி எடுத்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த நேசமணிக்காக 2019 மே மாதம் இணைய உலகமே பிரார்த்தித்தது நினைவிருக்கும். 2024இல் வந்த ‘ஆவேசம்’ மூலம் ‘எடா மோனே’ (டேய் மகனே) தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கும் வந்துசேர்ந்தது.

எழுத்துக்கூட்டலும் பழக வேண்டியது. கொச்சி இளைஞர்கள் மலையாளத்தை ஆங்கில எழுத்தில் தட்டும்போது உயிரெழுத்துகளை விழுங்கிவிடுவார்கள். ‘ஞான்’ என்பதற்கு மூன்றே மெய்யெழுத்துகள். பிரியம் கூடினால் நடுவில் ஒரு ‘டபிள்யூ’ முளைக்கும். பொளி ‘ப்வொளி’ ஆகும், மோனே ‘ம்வோனே’ ஆகும்.

புரிந்துகொள்வதைவிடப் பயன்படுத்துவது கடினம். ‘எடா’ நண்பனிடம் அன்பு, மேலாளரிடம் வம்பு. சில சொற்களைத் தெரிந்துகொண்டு, பயன்படுத்தாமல் விடுவதே நல்லது. கொச்சியைச் சுற்றி இயங்கும் சில திரைக்கலைஞர்களைச் சாட ‘மட்டாஞ்சேரி மாஃபியா’ என்றொரு பட்டம் சமூக வலைத்தளங்களில் சுற்றுகிறது. அதில் மதக் காழ்ப்பு இருப்பதாகக் கண்டனமும் எழுந்திருக்கிறது. கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் என்று பல மொழிக்காரர்கள் தலைமுறைகளாக அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஊரின் பெயர் அது; ஏளனத்துக்கு எடுக்கத் தக்கதல்ல.

கொச்சிக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் முதல் மாதம் வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம். புரியாத இடத்தில் ‘சேட்டா, இதினு எந்தா அர்த்தம்?’ என்று கேட்டுவிடலாம். சிரித்துவிட்டுச் சொல்லித் தருவார்கள்.