எழுத முன்வருவோர் எங்கே?

கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால், அதைத் தாய்மொழியில் விளக்கி எழுதுவோர் இல்லாவிடில், தமிழ்வழி மாணவருக்கு அந்த உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

லினக்ஸ் இயங்குதளத்துக்காக 1995-இல் தொடங்கிய 'லினக்ஸ் கெசட்' இதழைத் தன்னார்வலர்களின் கட்டுரைகளே வளர்த்தன. 2011-இல் அது நின்றுபோனது. தமிழில் 2012-இல் தொடங்கப்பட்ட 'கணியம்' இதழுக்கும் தன்னார்வ எழுத்தே அடித்தளம்.

இத்தகைய இதழ்களுக்கு எழுதவிடாமல் பலரைத் தடுப்பது, 'நான் வல்லுநர் இல்லையே' என்ற தயக்கம். நேற்றுக் கற்றவருக்குத்தான் இன்று கற்பவரின் இடர்ப்பாடு நன்கு தெரியும் என்பதை அவர்களுக்கு உணர்த்த வேண்டும். 'கட்டுரை அனுப்புங்கள்' என்னும் பொது அழைப்பை, பிறருக்கானது என்றே ஒவ்வொருவரும் எண்ணிக் கடந்துவிடுவர். மாறாக, 'உபுண்டுவில் தமிழ் விசைப்பலகையை அமைத்த முறையை ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள்' என ஒருவரைக் குறிப்பிட்டுக் கேட்டால், அவரால் எளிதில் மறுக்க இயலாது.

வந்த கட்டுரையைச் செய்துபார்த்துச் சரிபார்ப்பதும், பிழை களைவதும் ஆசிரியர் குழுவின் பொறுப்பு. மென்பொருளின் பதிப்பு மாறும்போது கட்டுரையும் பழையதாகிவிடும். மாற்றங்களை அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டால், அதைப் பிறர் புதுப்பிக்கலாம். முதலில் எழுதியவரின் பெயரும் நிலைக்கும்.

நிரல் எழுதத் தெரியாதவரும் இம்முயற்சிக்குத் தோள்கொடுக்கலாம். அதற்கு ஒரு பக்கம் எழுதினாலே போதும்.