ஃபிரிட்ஜுக்கும் மூச்சு முட்டும்!

கேரவன் என்றாலே நமக்கு சினிமா ஷூட்டிங்தான் ஞாபகம் வரும். ஹீரோ இறங்கி வருகிற வண்டி! இப்போது ஆபீஸ் போகிற பையன்களே பழைய வேனை வாங்கி, பின்னால் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துக்கொண்டு லீவு விட்டால் கிளம்பிவிடுகிறார்கள். என் நண்பன் அந்த ரகம். அவன் வண்டியில் கட்டிலைவிட முக்கியம் ஃபிரிட்ஜ். கூடவே வருகிற அவன் அம்மாவுக்கு சர்க்கரை. பிரிக்காத இன்சுலின் பாட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்காக உறைந்தும் போகக்கூடாது.

போன மே மாதம், கிழக்குக் கடற்கரைச் சாலை. மரக்காணம் உப்பளம் கண்ணில் படும்போது உச்சி வெயில். பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேர். வெயில் மேலிருந்தும் அடிக்கிறது, கீழிருந்தும் அடிக்கிறது. உப்பு விளைய இதைவிட நல்ல வெயில் கிடையாது. இன்சுலினுக்கு இதைவிட மோசமான வெயிலும் கிடையாது. ஃபிரிட்ஜுக்குள் தெர்மாமீட்டர் 14 காட்டியது. மோட்டாரோ நிற்காமல் உறுமி பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது.

"கேஸ் போயிடுச்சுடா மாப்ளே!" என்றான் நண்பன்.

கேஸ் எங்கேயும் போகவில்லை. பின்பக்கப் பலகையில் கை வைத்தேன். தோசைக்கல்!

விஷயம் இதுதான். ஃபிரிட்ஜ் குளிரை உற்பத்தி பண்ணுவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை இழுத்து முதுகு வழியாக வெளியே தள்ளுகிறது. அதன் உத்தியோகமே அவ்வளவுதான். வீட்டில் சுவரைவிட்டுத் தள்ளி வைக்கச் சொல்வதும் அதற்காகத்தான். இங்கேயோ ஆசாரி நாலு பக்கமும் பிளைவுட் அடித்து, பாலீஷும் போட்டிருந்தார். கண்ணுக்கு லட்சணம்! தள்ளின சூடு பெட்டிக்குள்ளேயே சுற்றுகிறது. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிறவன், அதைப் படகுக்குள்ளேயே கொட்டினால் எப்படி?

முதலில் இன்சுலினைக் காப்பாற்ற வேண்டும். ரோட்டோரம் மீன் விற்ற அம்மாவிடம் ஒரு பழைய தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் வாங்கினோம். "உடைக்காம கட்டியா போடு தம்பி, பொடி பண்ணா சீக்கிரம் கரைஞ்சுடும்" என்றார். நண்பனுக்கு ஒரு யோசனை: "உப்புதான் ஊர் பூரா கெடக்கே, ரெண்டு கை போட்டா இன்னும் ஜில்லுனு இருக்குமே?" கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸில் உப்பைக் கலந்தால் மைனஸ் 20 டிகிரி வரைகூட இறங்கும். குல்ஃபிக்காரர் வித்தை அது. இன்சுலின் குல்ஃபி யாருக்கு வேண்டும்? பாட்டில்களை டவலில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஐஸில் படாமல் மேலே வைத்தோம்.

ஐஸைக் கட்டிக் காப்பது ஒன்றும் புதிய கலை இல்லை. 1833-ல் ஃபிரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்கர் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பினார். நாலு மாதப் பயணம். பாதிக்கு மேல் கரையாமல் வந்து சேர்ந்தது! சென்னைக் கடற்கரை ஐஸ் ஹவுஸ் அவருடைய கிடங்குதான். அந்த வியாபாரத்தில் ஐஸுக்குப் போர்வை மரத்தூள். மரத்தூளோ தெர்மோகோலோ, வேலை செய்வது உள்ளே சிறைப்பட்ட காற்று. அதில் ஈரம் புகுந்தால் போச்சு. காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்துவது தண்ணீர்.

ஊர் திரும்பியதும் ஆசாரியை மறுபடி கூப்பிட்டோம். பாலீஷ் போட்ட பலகையில் அவரே ஓட்டை போட வேண்டியிருந்தது, பாவம்! ஃபிரிட்ஜ் முதுகுக்குப் பின்னால் நாலு விரல் இடைவெளி. கீழே தரைப் பக்கம் வலையடித்த ஓட்டை, மேலே வெளிச் சுவரில் ஒன்று. சூடான காற்று தானாக மேலே ஏறும். தள்ளிவிட ஒரு கம்ப்யூட்டர் ஃபேன். சூடு வெளியேறாத பக்கங்களில் மட்டும் இரண்டு அங்குல தெர்மோகோல். அதன் வெளிப்பக்கம் பிளாஸ்டிக் ஷீட், இடுக்கில்லாமல் டேப். கடற்கரைக் காற்றின் ஈரம் வெளியிலிருந்துதானே உள்ளே புகும்? ஷீட்டை உள்பக்கம் ஒட்டினால் தெர்மோகோல் ஸ்பாஞ்ச் ஆகிவிடும்.

அப்புறம் ஒரு வேலை. உப்புக் காற்று பட்ட கம்பிச்சுருள் அரித்துப்போகும். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கிறான்.

மறுபடி அதே மரக்காணம், அதே உச்சி வெயில். தெர்மாமீட்டரில் 5. மோட்டார் ஓடுகிறது, நிற்கிறது, ஓய்வெடுக்கிறது. இப்போது ஒரே தகராறு, இன்சுலின் பக்கத்தில் வஞ்சிரம் வைக்கலாமா என்பது. அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.